எவரெஸ்ட் ஏற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

எவரெஸ்ட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் மாணவர்களும் மலையேற்ற ஆர்வலர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கு என்னால் இயன்ற அளவு விரிவாகப் பதில் சொல்ல முயன்றிருக்கிறேன். உச்சியைத் தொட்டவர்களின் பெயர்கள் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்காகச் சுமை தூக்கியவர்களும் வழி அமைத்தவர்களும் இந்தப் பதில்களில் அதிகமாக வருவார்கள். வரவேண்டும் என்றே எழுதியிருக்கிறேன்.

எவரெஸ்ட்டின் உயரம் சரியாக எவ்வளவு? அதை எப்படி அளந்தார்கள்?

8,848.86 மீட்டர். நேபாளமும் சீனாவும் 2020 டிசம்பர் 8 அன்று கூட்டாக அறிவித்த அளவு இது. அதற்கு முன் 8,848 மீட்டர் என்றே பாடப்புத்தகங்களில் படித்து வந்தோம்.

இந்த அளவீட்டின் வேர் சென்னையில் இருக்கிறது. 1802 ஏப்ரலில் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்து இமயம் வரை போனதுதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவை. கோணங்களை அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஆட்கள் ஊர் ஊராகத் தூக்கிச் சென்றார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சேதமடைந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே அதைச் சரிசெய்தார்.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் 1843இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிவிட்டார். நேபாளத்துக்குள் நுழைய ஆங்கிலேயருக்கு அனுமதி இல்லாததால், பிகார் சமவெளியில் நின்று 150 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த சிகரங்களைக் குறிபார்த்துக் கோணங்களை எடுத்தார்கள். ‘பதினைந்தாம் சிகரம்’ என்று பெயரிட்டிருந்த ஒன்று மற்ற எல்லாவற்றையும் விட உயரம் என்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர் வங்காளக் கணிதர் ராதாநாத் சிக்தர். 1856இல் அதன் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. இன்றைய கருவிகள் தரும் அளவுக்கும் அதற்கும் வேறுபாடு பத்து மீட்டர்கூட இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கணக்கர்கள் மீது மரியாதை கூடுகிறது. மலைக்குச் சூட்டப்பட்டதோ அதன் உயரத்தைக் கணக்கிடாத ஒருவரின் பெயர். ஜார்ஜ் எவரெஸ்ட்டே அதை விரும்பவில்லை. திபெத்தியர்கள் அதற்கு முன்பிருந்தே சோமோலுங்மா என்று அழைத்து வந்தார்கள். நேபாளத்தில் சகர்மாதா.

இதைவிட உயரமான மலை உண்டு என்கிறார்களே?

கடல் மட்டத்திலிருந்து அளந்தால் இல்லை. ஹவாய்த் தீவின் மவுனா கியாவைக் கடலடியிலிருந்து அளந்தால் அது எவரெஸ்ட்டை மிஞ்சும். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்பராசோ உச்சிதான் மிகத் தொலைவில் இருக்கிறது. ஏறுபவரின் மூச்சைத் தீர்மானிப்பது கடல் மட்ட உயரம்தான். அந்தக் கணக்கில் எவரெஸ்ட்டுக்கு அடுத்தது 8,611 மீட்டர் உயரமுள்ள கே2.

முதலில் ஏற முயன்றவர்கள் யார்?

1921இல் ஆங்கிலேயர் குழு ஒன்று திபெத் வழியாக வந்து பாதையை ஆராய்ந்தது. நேபாளம் அப்போது வெளிநாட்டவருக்குக் கதவைத் திறக்கவில்லை. ஆகவே இரண்டாம் உலகப்போர் வரை நடந்த எல்லா முயற்சிகளும் வடக்குப் பக்கத்திலிருந்தே நடந்தன. உயரத்தில் மனித உடல் எப்படி இயங்குகிறது என்பதை அந்தக் காலத்தில் மற்ற எவரையும் விட நன்கு அறிந்திருந்த அலெக்சாண்டர் கெல்லாஸ், மலையை நெருங்கும் முன்பே அந்தப் பயணத்தில் இறந்துபோனார்.

1922இல் முதல் உண்மையான ஏற்ற முயற்சி. ஜார்ஜ் ஃபின்ச் ஆக்சிஜன் உதவியோடு 8,300 மீட்டரைத் தாண்டினார். ஆனால் அந்த ஆண்டை நான் நினைவில் வைத்திருப்பது ஜூன் 7ஆம் தேதிக்காக. வடக்குக் கணவாய்க்குக் கீழே புதுப்பனி படர்ந்த சரிவில் ஆங்கிலேய மலையேறிகளான மல்லோரி, சாமர்வெல், கிராஃபோர்ட் மூவரும் பதினான்கு சுமைதூக்கிகளோடு ஏறிக்கொண்டிருந்தபோது பனிச்சரிவு வந்தது. ஒன்பது சுமைதூக்கிகள் அதில் அடித்துச் செல்லப்பட்டார்கள். இருவரை உயிருடன் தோண்டி எடுத்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். எவரெஸ்ட்டில் நடந்த முதல் பெரு விபத்தில் மாண்டவர்கள் அத்தனை பேரும் கூலிக்குச் சுமை தூக்க வந்த மலைவாழ் மக்கள்.

இந்த ஹோவர்ட் சாமர்வெல்லைத் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டும். ஷெர்பாக்கள் மட்டும் செத்துப்போனார்களே, ஆங்கிலேயரான எங்களில் ஒருவர்கூட அவர்களுடைய விதியைப் பகிர்ந்துகொள்ளவில்லையே என்று மனம் நொந்து எழுதியவர் அவர். அறுவை மருத்துவரான அவர், அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபோது நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்தார். அன்று தென் திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் இருக்கும் அதே நெய்யூர். அங்கே மருத்துவர் போதாமல் நோயாளிகள் காத்துக்கிடப்பதைப் பார்த்து, லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு அங்கேயே பணியில் சேர்ந்தார். பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார். 1924இல் மறுபடியும் எவரெஸ்ட்டுக்குப் போய் ஏறத்தாழ 28,000 அடியை எட்டினார். இறங்கும் வழியில் குளிரால் புண்ணான தொண்டைச் சவ்வு உரிந்து மூச்சை அடைத்தது. சாகப்போகிறோம் என்று பனியில் உட்கார்ந்தவர், நெஞ்சை இரு கைகளாலும் அழுத்திக் கடைசி முயற்சியாக இருமி அதை வெளியேற்றிப் பிழைத்தார். அன்று அவரோடு ஏறிய எட்வர்ட் நார்ட்டன், ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் 28,126 அடி வரை தனியாகச் சென்று திரும்பினார்.

மல்லோரியும் இர்வினும் 1924இல் உச்சியை அடைந்தார்களா?

அடைந்ததற்குச் சான்று இல்லை. 1924 ஜூன் 8 நண்பகலுக்குச் சற்றுப் பின் மேகம் விலகிய ஒரு இடைவெளியில் இருவரும் முகட்டில் மேலேறிக்கொண்டிருந்ததை அதே குழுவைச் சேர்ந்த நோயல் ஓடெல் கீழிருந்து கண்டார். பிறகு மேகம் மூடியது. அவர்கள் திரும்பவில்லை. இர்வினின் பனிக்கோடரி 1933இல் கிடைத்தது. மல்லோரியின் உடலை 1999 மே 1 அன்று கான்ராட் ஆங்கர் ஏறத்தாழ 8,155 மீட்டர் உயரத்தில் கண்டெடுத்தார். இடுப்பில் கயிறு இறுக்கிய காயம் இருந்தது. வழுக்கி விழுந்திருக்கிறார் என்பது தெளிவு. 2024 செப்டம்பரில் மலையடியிலுள்ள ரோங்புக் பனியாற்றில் ‘ஏ. சி. இர்வின்’ என்று பெயர் தைத்த காலுறையோடு ஒரு பாதம் கிடைத்தது.

அவர்களிடமிருந்த கேமரா கிடைத்தால் விடை தெரியலாம் என்று பலர் தேடுகிறார்கள். அவர்கள் ஏறியிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏறி உயிருடன் இறங்குவதையே ஏற்றமாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஹில்லாரியும் அப்படித்தான் நினைத்தார்.

1953இல் மட்டும் எப்படி முடிந்தது?

அதுவரை தோற்றவர்கள் விட்டுச்சென்ற அறிவு முக்கியமான காரணம். நேபாளம் கதவைத் திறந்தபின் 1952இல் சுவிட்சர்லாந்துக் குழு தெற்குப் பாதையில் ஏறியது. ரேமண்ட் லாம்பெர்ட்டும் டென்சிங் நோர்கேயும் ஏறத்தாழ 8,600 மீட்டர் வரை போய்த் திரும்பினார்கள். 1935 முதல் எவரெஸ்ட் பயணங்களில் சுமை தூக்கி வந்த டென்சிங்கைவிட அந்த மலையை அறிந்தவர் அப்போது எவரும் இல்லை.

ஜான் ஹண்ட் தலைமையிலான 1953ஆம் ஆண்டுக் குழுவுக்கு 350க்கும் மேற்பட்ட சுமைதூக்கிகள் காத்மாண்டுவிலிருந்து மலையடி வரை சாமான்களைக் கொண்டு சேர்த்தார்கள். மே 21 அன்று வில்ஃப்ரிட் நாய்ஸும் ஷெர்பா அன்னுல்லுவும் தென் கணவாயை அடைந்து வழி திறந்தார்கள். மே 26 அன்று போர்டில்லனும் எவான்ஸும் தெற்கு உச்சியை எட்டினார்கள். முதன்மை உச்சிக்கு நூறு மீட்டர் உயரம்தான் பாக்கி. எவான்ஸின் ஆக்சிஜன் கருவி பழுதுபட்டிருந்தது, நேரமும் போய்விட்டது. திரும்பினார்கள். அதே நாளில் ஹண்ட்டும் டா நம்கியாலும் தங்கள் சக்தியெல்லாம் திரட்டி மேல் முகாமுக்கான பொருள்களை முகட்டில் கொண்டு வைத்துவிட்டு வந்தார்கள். இரண்டு நாள் கழித்து ஜார்ஜ் லோ, ஆல்ஃபிரட் கிரெகரி, ஆங் நீமா மூவரும் கூடவே சுமந்து சென்று, ஏறத்தாழ 8,500 மீட்டரில் ஹில்லாரிக்கும் டென்சிங்குக்கும் ஒரு கூடாரத்துக்கு இடம் அமைத்துக் கொடுத்துவிட்டு இறங்கினார்கள்.

மறுநாள் காலை ஹில்லாரியின் காலணிகள் கல்லாக உறைந்திருந்தன. அடுப்பில் காட்டி இளக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. 1953 மே 29 காலை 11.30க்கு இருவரும் உச்சியில் நின்றார்கள். கால் மணி நேரம் இருந்தார்கள். டென்சிங் இனிப்புகளைப் பனியில் புதைத்து மலைத் தெய்வங்களுக்குப் படைத்தார். ஹண்ட் கொடுத்தனுப்பிய சிறு சிலுவையை ஹில்லாரி வைத்தார். செய்தி, எலிசபெத் அரசியின் முடிசூட்டு நாளான ஜூன் 2 அன்று காலை லண்டனில் வெளியானது.

டா நம்கியாலும் ஆங் நீமாவும் அந்தக் கடைசி முகாமுக்குப் பொருள் சேர்த்திருக்காவிட்டால் மே 29 இல்லை. வினாடிவினாப் போட்டிகளில் இந்தப் பெயர்களையும் கேட்க வேண்டும்.

முதலில் கால் வைத்தது ஹில்லாரியா, டென்சிங்கா?

ஹில்லாரி சில அடிகள் முன்னால் இருந்தார் என்று டென்சிங்கே தன் சுயசரிதையில் சொல்லிவிட்டார். இருவரும் ஒரே கயிற்றில் பிணைந்து போனவர்கள். ஒருவர் இன்றி மற்றவர் இல்லை. காத்மாண்டுவில் அரசியல் கூட்டம் சேர்ந்து இந்தக் கேள்வியால் டென்சிங்கைப் படுத்திய பாடு போதும். உச்சியில் எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தில் கொடியுடன் நிற்பவர் டென்சிங். ஹில்லாரி உச்சியில் நிற்கும் படம் இல்லை.

8,000 மீட்டருக்கு மேல் உடலுக்கு என்ன நேர்கிறது?

அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் விகிதம் 21 சதவீதம்தான். அழுத்தம்தான் குறைவு. கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டராக இருக்கும் பாதரச அழுத்தம் உச்சியில் சுமார் 253 மில்லிமீட்டர். 1981இல் அமெரிக்க மருத்துவ ஆய்வுப் பயணத்தில் சென்ற கிறிஸ் பிஸோ என்ற மருத்துவர் உச்சியிலேயே அளந்து சொன்னார். அதாவது ஒரு மூச்சில் நமக்கு இங்கே கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு.

உடல் சும்மா இருப்பதில்லை. மூச்சு வேகமாகிறது. சிறுநீரகத்திலிருந்து வரும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனின் தூண்டுதலால் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. இதற்கு வாரங்கள் வேண்டும். அதனால்தான் ஏறுபவர்கள் மேலே போய்ச் சிறிது நேரம் இருந்துவிட்டு, கீழே வந்து உறங்கி, மறுபடி சற்றுக் கூடுதல் உயரம் போய்த் திரும்புகிறார்கள். ஏறத்தாழ இரண்டு மாதப் பயணத்தில் பெரும்பகுதி இதற்கே போகிறது. ஆனால் 8,000 மீட்டருக்கு மேல் எந்தப் பழக்கமும் பலிப்பதில்லை. பசி நின்றுவிடுகிறது, உறக்கம் வராது, தசை கரைகிறது, இரத்தம் கெட்டிப்படுகிறது. அந்த உயரத்தை மரண மண்டலம் என்று மலையேறுபவர்கள் சொல்வது மிகையில்லை. அங்கே இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உடல் தேய்ந்துகொண்டே போகிறது.

இரண்டு நோய்களுக்கு அஞ்ச வேண்டும். ஒன்று, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. ஓய்விலும் மூச்சு வாங்கும், நுரைத்த சளி வரும். மற்றொன்று மூளை வீக்கம். நடை தள்ளாடும், பேச்சு குழறும், நினைவு பிசகும். இதில் கொடுமை என்னவென்றால், தன் அறிவு மங்குகிறது என்பதை உணரவேண்டிய அறிவே மங்குகிறது. கையுறையைக் கழற்றி எறிந்தவர்கள், இல்லாத துணைவரோடு உணவைப் பகிர முனைந்தவர்கள் எல்லாம் மனத்திடம் குறைந்தவர்கள் அல்லர். டெக்ஸாமெத்தசோன் போன்ற மருந்துகள் சிறிது அவகாசம் தரும். உண்மையான மருந்து இறங்குவது மட்டுமே.

கூடவே குளிர். இரத்த ஓட்டம் கை கால் விரல்களைக் கைவிட்டு உள்ளுறுப்புகளைக் காக்கப் போய்விடுவதால் பனிக்கடி வந்து விரல்கள் கறுத்துப் போகின்றன. தண்ணீருக்கும் பஞ்சம். பனியை அடுப்பில் உருக்கினால்தான் குடிக்க முடியும். உச்சி உயரத்தில் தண்ணீர் 70 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும்.

ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏற முடியுமா?

முடியாது என்றுதான் பல மருத்துவர்கள் நம்பினார்கள். 1978 மே 8 அன்று ரெய்ன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹேபெலரும் ஏறிக் காட்டினார்கள். 1980 ஆகஸ்டில், பருவமழைக் காலத்தில், மெஸ்னர் திபெத் பக்கத்திலிருந்து தன்னந்தனியாக, சிலிண்டர் இல்லாமல் ஏறினார். இதைவிடத் துணிச்சலான ஏற்றம் அந்த மலையில் நடக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆங் ரீட்டா ஷெர்பா சிலிண்டர் இல்லாமல் பத்து முறை ஏறியவர். பாபு சிரி ஷெர்பா 1999இல் உச்சியிலேயே 21 மணி நேரம் ஆக்சிஜன் இன்றித் தங்கினார்.

எவரெஸ்ட் நிலநடுக்கோட்டுக்கு ஓரளவு அருகில், 28 டிகிரி வட அட்சத்தில் இருப்பது மனிதருக்கு வாய்த்த நல்லூழ். வளிமண்டலம் அங்கே சற்றுத் தடிமன். இதே உயரம் அலாஸ்காவில் இருந்தால் அழுத்தம் இன்னும் குறைந்திருக்கும். சிலிண்டர் இல்லாத ஏற்றம் ஏறக்குறைய நடக்காத காரியமாகியிருக்கும். இன்றும் பெரும்பான்மையோர் சிலிண்டருடன்தான் ஏறுகிறார்கள். அதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

ஏன் எல்லோரும் மே மாதத்திலேயே ஏறுகிறார்கள்?

ஆண்டின் பெரும்பகுதி உச்சியை அதிவேக மேற்காற்றோட்டம் அறைந்துகொண்டே இருக்கிறது. மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும் காற்றில் நிற்கக்கூட முடியாது. வங்கக் கடலிலிருந்து பருவமழை வடக்கே நகரும்போது அந்தக் காற்றோட்டம் விலகுகிறது. அதற்கும் பனிமழை தொடங்குவதற்கும் இடையே, மே நடுவிலிருந்து இறுதிக்குள், சில அமைதியான நாள்கள் கிடைக்கும். குளிர்காலத்தில் ஏறவே முடியாது என்பதும் இல்லை. போலந்தின் லெஷெக் சிஹியும் கிஷிஷ்டோஃப் வியெலிட்ஸ்கியும் 1980 பிப்ரவரி 17 அன்று ஏறினார்கள்.

நேபாளப் பக்கப் பாதை எப்படிப்பட்டது?

5,364 மீட்டரிலுள்ள அடிவார முகாமைத் தாண்டியதும் கும்பு பனிவீழ்ச்சி. பனியாறு செங்குத்துச் சரிவில் உடைந்து, வீட்டளவு பனிக்கட்டிகளாகச் சிதறிக் கிடக்கும் இடம். அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. பிளவுகளின் மேல் அலுமினிய ஏணிகளைக் கட்டி, கயிறு போட்டு, பெயர்ந்தால் மறுபடி கட்டும் வேலையை ஒவ்வொரு பருவத்திலும் ‘பனிவீழ்ச்சி டாக்டர்கள்’ என்று அழைக்கப்படும் சிறு ஷெர்பா குழு செய்கிறது. வெயில் ஏறினால் பனி இளகும் என்பதால் இருட்டிலேயே இதைக் கடக்கிறார்கள்.

அதற்கு மேல் நீண்ட பனிப் பள்ளத்தாக்கு. பகலில் வெயில் நாலாபுறமும் பட்டுத் தெறித்து வாட்டி எடுக்கும். பிறகு லோட்சே மலையின் நீலப் பனிச்சுவர், அதன் நடுவில் மூன்றாம் முகாம். சுமார் 7,900 மீட்டரில் தென் கணவாய், கடைசி முகாம். அங்கிருந்து இரவில் கிளம்பி, விடியும்போது தென்கிழக்கு முகட்டில் ஏறி, தெற்கு உச்சி வழியாக உச்சிக்கு. வழியில் ‘ஹில்லாரி படி’ எனப்பட்ட செங்குத்துப் பாறை 2015 நிலநடுக்கத்துக்குப் பின் உருமாறிவிட்டது. வடக்குப் பாதையில் பனிவீழ்ச்சி இல்லை. பதிலாகக் கடுங்காற்றும், உச்சிக்கு அருகே மூன்று பாறைப் படிகளும் உண்டு. அவற்றில் இரண்டாவதில் 1975இல் சீனக் குழு ஏணி பொருத்தியது.

இறங்கும்போதுதான் அதிகம் இறக்கிறார்கள் என்பது உண்மையா?

உச்சி நாளில் 8,000 மீட்டருக்கு மேல் இறக்கும் மலையேறிகளைப் பொறுத்தவரை உண்மை. ஏறும்போது இருந்த ஆசை உச்சியில் தீர்ந்துவிடுகிறது. ஆக்சிஜனும் பகலும் கூடவே தீர்கின்றன.

1996 மே 10 இதற்குக் கொடிய எடுத்துக்காட்டு. பிற்பகல் இரண்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது பேசிவைத்த விதி. பலர் அதைக் கடந்தும் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். மாலையில் புயல் வந்தது. வழிகாட்டிகள் ராப் ஹாலும் ஸ்காட் ஃபிஷரும் உட்பட, மலையின் இரு பக்கங்களிலுமாக எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் மூவர் வடக்குப் பக்கம் ஏறிய இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர். ராப் ஹால் தன் வாடிக்கையாளரை விட்டு இறங்க மறுத்துத் தெற்கு உச்சிக்கருகே சிக்கினார். வானொலி வழியாக இணைத்த தொலைபேசியில் நியூசிலாந்திலிருந்த கருவுற்ற மனைவியிடம் பேசிவிட்டு உயிர்விட்டார்.

உச்சி கண்ணெதிரே தெரியும்போது திரும்புவதற்குத் தனித் துணிவு வேண்டும். மேலே சொன்ன போர்டில்லனும் எவான்ஸும் நூறு மீட்டர் மிச்சமிருக்கத் திரும்பியதால்தான் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ஷெர்பாக்கள் என்றால் சுமைதூக்கிகளா?

இல்லை. ஷெர்பா என்பது ஓர் இனக்குழு. திபெத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் நேபாளத்தின் கும்பு பகுதியில் குடியேறிய பௌத்தர்கள். உயரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததில் அவர்களுடைய உடல் மாறியிருக்கிறது. திபெத்தியரிடம் காணப்படும் இபிஏஎஸ்1 மரபணு வடிவம் போன்றவற்றால், மற்றவர்களைப் போல் இரத்தம் கெட்டிப்படாமலேயே குறைந்த ஆக்சிஜனில் வேலை செய்ய முடிகிறது. ஆனாலும் மரபணுவைச் சொல்லி அவர்களுடைய உழைப்பைக் குறைக்கக் கூடாது. பனிச்சரிவு மரபணு பார்த்து வருவதில்லை.

2014 ஏப்ரல் 18 காலை கும்பு பனிவீழ்ச்சியில் மேலிருந்து பெரும் பனிக்கட்டி சரிந்து நேபாளத் தொழிலாளர்கள் 16 பேரைக் கொன்றது. வாடிக்கையாளர்கள் கூடாரங்களில் இருந்தார்கள். இவர்கள் அவர்களுக்காகக் கயிறும் உணவும் சிலிண்டரும் சுமந்து போனவர்கள். குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய் தருவதாக அரசு முதலில் அறிவித்தது. ஏறத்தாழ 400 டாலர். ஷெர்பாக்கள் கொதித்தெழுந்தார்கள், வேலை செய்ய மறுத்தார்கள், அந்தப் பருவமே அத்தோடு முடிந்தது. பிறகுதான் காப்பீட்டுத் தொகை உயர்ந்தது. மறு ஆண்டு ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் அருகிலுள்ள புமோரி மலைப் பக்கமிருந்து வந்த பனிச்சரிவு அடிவார முகாமையே நொறுக்கியது.

ஒரு வாடிக்கையாளர் பனிவீழ்ச்சியைச் சில முறை கடந்தால், அவருக்குச் சுமை தூக்குபவர் அதைப் பன்மடங்கு முறை கடக்கிறார். ஆபத்தும் அதே விகிதத்தில் அவருக்கே. 2025 மே மாதம் 31ஆவது முறையாக உச்சி தொட்ட காமி ரீட்டா ஷெர்பாவின் சாதனையையும் இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். அது அவர் செய்யும் வேலை. அதில் உலகில் அவரை மிஞ்ச ஆளில்லை.

முதலில் ஏறிய பெண்கள் யார்?

ஜப்பானின் ஜுன்கோ தபேய், 1975 மே 16. உச்சிக்குப் போவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு கூடாரத்தோடு பனிச்சரிவில் புதைந்து மீட்கப்பட்டவர். அடுத்த பதினோரு நாளில் திபெத்தைச் சேர்ந்த ஃபந்தோக் வடக்கிலிருந்து ஏறினார். இந்தியாவிலிருந்து பச்சேந்திரி பால், 1984 மே 23. சந்தோஷ் யாதவ் 1992, 1993 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஏறினார். நேபாளத்தின் முதல் பெண் பசாங் லாமு ஷெர்பா 1993 ஏப்ரலில் உச்சியை அடைந்து, இறங்கும்போது இறந்தார். சொந்த நாட்டு மலையில் ஏறும் வாய்ப்புக்காக அவர் நடத்திய போராட்டம் ஏற்றத்துக்கு நிகரானது.

இந்தியர்களும் தமிழர்களும்?

1960, 1962 ஆகிய இரு முயற்சிகள் உச்சிக்கு அருகில் வந்து திரும்பின. 1965 மே மாதம் எம். எஸ். கோலி தலைமையிலான குழுவில் ஒன்பது பேர் ஏறினார்கள். முதலில் ஏறிய இணை ஏ. எஸ். சீமாவும் நவாங் கோம்புவும். டென்சிங்கின் உறவினரான கோம்பு 1963இல் அமெரிக்கக் குழுவோடு ஏற்கெனவே ஏறியிருந்ததால், உலகில் இரண்டு முறை எவரெஸ்ட் ஏறிய முதல் மனிதர் ஆனார்.

மலேசியாவிலிருந்து முதன்முதலாக எவரெஸ்ட் ஏறிய இருவர், 1997 மே 23 அன்று உச்சியடைந்த எம். மகேந்திரனும் என். மோகனதாஸும். தமிழ்நாட்டிலிருந்து ஏறிய முதல் பெண் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி, 2023 மே.

எவ்வளவு செலவாகும்? நெரிசல் அவ்வளவு மோசமா?

வசந்தப் பருவத்துக்கான நேபாள அரசின் அனுமதிக் கட்டணம் 11,000 டாலராக இருந்தது. 2025 செப்டம்பர் முதல் 15,000 டாலர். வழிகாட்டி, சிலிண்டர், உணவு எல்லாம் சேர்த்தால் மொத்தச் செலவு 35,000 டாலருக்குக் குறையாது. ஒரு லட்சத்தைத் தாண்டும் நிறுவனங்களும் உண்டு.

நெரிசல் மோசம்தான். 2019 மே 22 அன்று உச்சி முகட்டில் நீண்ட வரிசை நிற்கும் படத்தை நிர்மல் புர்ஜா எடுத்து வெளியிட்டபோது உலகமே திடுக்கிட்டது. 2023 வசந்தத்தில் 478 அனுமதிகள் வழங்கப்பட்டன. நல்ல வானிலை நாள்கள் சில மட்டுமே என்பதால் எல்லோரும் ஒரே நாளில் ஒரே கயிற்றில் ஏறுகிறார்கள். நிற்கும் நேரத்திலும் சிலிண்டர் காலியாகிக்கொண்டே இருக்கிறது. முன் அனுபவம் இல்லாதவர்களுக்கு அனுமதி கொடுப்பதுதான் வேர்க் காரணம். பனிக்காலணியின் முள்தகட்டை மாட்டத் தெரியாதவரை அங்கே அனுப்பக் கூடாது. அவருக்கும் ஆபத்து, அவரைக் காப்பாற்றப் போகும் ஷெர்பாவுக்கும் ஆபத்து.

ஹெலிகாப்டரில் உச்சிக்கே போகலாமே?

2005 மே 14 அன்று பிரெஞ்சு விமானி டிடியே டெல்சால் உச்சியில் இறக்கிக் காட்டினார். அது தனி மனிதத் திறமை. அவ்வளவு மெலிந்த காற்றில் வழக்கமான மீட்புப் பணி நடத்த முடியாது. மேலே சிக்கியவரை ஆட்கள்தான் கீழே கொண்டுவர வேண்டும்.

குப்பையும் இறந்தவர் உடல்களும் அங்கேயே கிடக்கின்றனவா?

ஆம், இரண்டும். 330க்கும் மேற்பட்டோர் இதுவரை அங்கே உயிரிழந்திருக்கிறார்கள். பலருடைய உடல்கள் இன்னும் மலையிலேயே இருக்கின்றன. உறைந்த உடலைப் பனியிலிருந்து பெயர்த்து 8,000 மீட்டரிலிருந்து இறக்கப் பலர் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது. அந்த உடல்களை வழி அடையாளமாகச் சொல்வதும், படமெடுத்துப் பரப்புவதும் எனக்கு ஏற்புடையதில்லை. அவர்களுக்கும் வீடு இருக்கிறது.

குப்பைக்கு வருவோம். 2014 முதல் ஒவ்வொரு ஏறுபவரும் எட்டுக் கிலோ குப்பையைக் கீழே கொண்டுவர வேண்டும் என்ற விதி கொண்டுவரப்பட்டது. 2024 முதல் மனிதக் கழிவையும் பையில் கட்டிக் கொண்டுவர உள்ளூர் நிர்வாகம் கட்டாயமாக்கியது. மேல் முகாம்களில் கிழிந்த கூடாரங்களும் காலி சிலிண்டர்களும் இன்னும் குவிந்து கிடக்கின்றன. அவற்றைச் சுமந்து இறக்குபவர்களும் ஷெர்பாக்களே.

நான் ஏற விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

1954இல் டார்ஜிலிங்கில் தொடங்கிய இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் (டென்சிங் அங்கே களப் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தார்), உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் ஆகியவற்றில் அடிப்படைப் பயிற்சியில் சேருங்கள். பிறகு உயர்நிலைப் பயிற்சி. அதன்பின் 6,000 மீட்டர், 7,000 மீட்டர் சிகரங்கள். ஆண்டுகள் பிடிக்கும். பிடிக்கட்டும்.

அடிவார முகாம் வரை மட்டும் நடந்து போகலாமா?

உடல்நலமுள்ள எவரும் தயாரிப்போடு போகலாம். லுக்லா வரை சிறு விமானம், பிறகு நடை. போய்வர இரண்டு வாரங்கள் ஒதுக்குங்கள். 3,440 மீட்டரிலுள்ள நாம்சே பசாரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது கட்டாயம். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம், மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வெடுங்கள். உயரத்தால் வரும் நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரை தேவையா என்பதைக் கிளம்புமுன் மருத்துவரிடம் கேளுங்கள். அடிவார முகாமிலிருந்து உச்சி தெரியாது. காலாபத்தர் மேட்டுக்கு ஏறினால் தெரியும். தலைவலி இருந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். நடை தள்ளாடினால் இரவானாலும் உடனே இறங்குங்கள். சுமைதூக்கி ஒருவரை அமர்த்தினால், அவருக்குக் காப்பீடும் குளிருடையும் தங்க இடமும் இருக்கின்றனவா என்று நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு பணத்தைக் கட்டுங்கள்.